சாமி வந்து ஆடுறவங்கள வச்சி வியூஸ் சம்பாதிக்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சி, குளிச்சி, சாப்பிட்டு, உட்கார்ந்து படிங்க. பாதியில் நிறுத்திட்டு கமெண்டில் சண்டைக்கு வரவேண்டாம். முழுசா படிச்சிட்டு தாராளமா வாங்க.

கிள்ளான் பக்கம் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் தொண்டு செய்கிற முப்பது பேர் நாங்கள். பாதிப் பேர் ஃபேக்டரி, சிலர் லாரி, சிலர் பாதுகாவலர், ரெண்டு ஆசிரியர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர் பந்தல் போடுவோம். பங்குனி உத்திரத்துக்கும் ஆடி மாசத்துக்கும் எங்கள் கோயிலிலேயே பால் குடம், காவடி. கயிறு பிடிக்கிறது, வழி விடச் சொல்றது, மயங்கி விழுந்தவங்களைத் தூக்குறது, எல்லாரும் போன பிறகு குப்பை கூட்டுறது, இதெல்லாம் எங்கள் வேலை. ஐயர், தலைவர், செயலாளர் யாரும் பார்க்காததை நாங்கள் பார்க்கிறோம். ஏன்னா காவடிக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறவங்க நாங்கதான்.

முன்னெல்லாம் கயிறு கட்டினது, கூட்டம் காவடி மேலே சாயாம இருக்கிறதுக்கு. இப்போ கயிறு கட்டுறது, போனு காவடிக்காரர் மூக்கில் இடிக்காம இருக்கிறதுக்கு. அலகு குத்துற இடத்தில் குடும்பத்தார் "வேல் வேல்" சொல்லணும். அந்த நேரத்தில் தான் வேல் ஒழுங்கா இறங்கும், பயம் போகும். இப்போ அந்த வாயெல்லாம் மூடியிருக்கு. சத்தம் போட்டா வீடியோவில் தன் குரல் விழுந்திடுமாம். ஒரு கையில் போனு, இன்னொரு கையில் லைட். சாமியைக் கும்பிட மூணாவது கைக்கு எங்கே போறது?

"தம்பி, கொஞ்சம் தள்ளுப்பா" என்று சொன்னால் என்ன பதில் வருது தெரியுமா? "அங்கிள், லைவ் போய்க்கிட்டிருக்கு, மறைக்காதீங்க." நாங்கள் மறைக்கிறோமாம். அவன் கோயிலுக்குள்ளே நிற்கிறான், நாங்கள் அவன் திரைக்குக் குறுக்கே நிற்கிறோம்.

போன ஆடித் திருவிழாவில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு அக்கா, பல வருஷமா எங்கள் கோயிலில் பால் குடம் எடுக்கிறவங்க. பையன் சின்ன வயசில் சீரியஸா இருந்தப்போ வேண்டிக்கிட்ட நேர்த்திக்கடன். பையன் பொழைச்சி, வளர்ந்து, வேலைக்கும் போயிட்டான். அக்கா மட்டும் நிறுத்தவில்லை. அதிகம் பேச மாட்டாங்க. அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கச் சொன்னால் ஒரு மூட்டையை உரிச்சி வச்சிட்டு சத்தமில்லாமல் போயிடுவாங்க. அன்னைக்கு உருமி அடிக்க அடிக்க அவங்களுக்கு அருள் வந்திருச்சி. தலைமுடி அவிழ்ந்து, நாக்கு வெளியே வந்து, கண்ணு மேலே சொருகி. பக்கத்தில் இருந்த பொம்பளைங்க பிடிச்சிக்கிட்டாங்க, விபூதி போட்டாங்க, அடங்கிருச்சி. அவ்வளவுதான். இது நமக்குப் புதுசா? பாட்டி காலத்திலிருந்து பார்க்கிறது.

ஒருத்தன் அதை எடுத்திருக்கான். 18 வினாடி. அதுக்கு மேலே சினிமா காமெடி வசனம் ஒன்றை ஒட்டி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டு, ராத்திரியே ஏத்திட்டான். காலையில் அக்கா வேலை செய்கிற இடத்தில் கேண்டீனில் மற்ற இனத்து ஆளுங்க அதைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டிருக்காங்க. யாரும் கெட்ட எண்ணத்தில் பார்த்தாங்க என்று சொல்ல மாட்டோம். சிரிப்பு வசனம் போட்டா சிரிக்கத்தானே செய்வாங்க. மகள் படிக்கிற இடத்துப் புலனக் குழுவுக்கும் போயிருச்சி. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்ட கேள்வியை இங்கே எழுத எங்களுக்கு மனசு வரல.

எடுத்தவனைத் தேடிப் பிடிச்சி எங்களில் ரெண்டு பேர் போய்க் கேட்டோம். "பொது இடம்தானே அண்ணே. கோயிலுக்கு ஃப்ரீயா விளம்பரம் கொடுத்திருக்கேன்" என்றான். ரெண்டு நாள் கழிச்சி அழிச்சான். அதுக்குள்ளே வேற வேற பக்கங்களில் அது ஓடிக்கிட்டிருந்தது. யார் யாரிடம் போய்க் கேட்கிறது?

அந்த அக்கா இப்போ கோயிலுக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை, கதவு திறக்கும் முன்னாலேயே வெளியே நின்று கும்பிட்டுட்டு வேலைக்குப் போறாங்க. பால் குடம் எடுக்கிற பித்தளைச் சொம்பைக் கொண்டு வந்து எங்களிடமே கொடுத்துட்டாங்க. "யாராவது எடுக்கட்டும் தம்பி" என்றாங்க. சொம்பு ஸ்டோரில் இருக்கு. யாரும் எடுக்கல.

இப்போ சொல்லுங்க, யாருக்கு விளம்பரம்?

பால் குடமோ காவடியோ எடுக்கிறது ஒரு ஆளுக்கும் சாமிக்கும் நடுவில் உள்ள கணக்கு. சிலர் 48 நாள் கவிச்சி தொடாமல், பாய் விரிச்சித் தரையில் படுத்து, பச்சைத் தண்ணியில் குளிச்சி விரதம் இருக்காங்க. நைட் ஷிப்டில் நின்றுக்கிட்டே விரதம் இருந்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துட்டுப் போவாங்க. அந்த 48 நாளும் உங்க கேமராவில் விழாது. கடைசியில் அந்த உடம்பு தன் வசத்தில் இல்லாமல் போகிற ஒரு நிமிஷம், அதைத்தான் நீங்க வெட்டி எடுக்கிறீங்க. தன் நினைவோடு இல்லாத ஒருத்தரைப் படம் பிடிக்கிறதுக்கு எப்படி அனுமதி கேட்பீங்க? அவங்க எப்படிக் கொடுப்பாங்க? ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டுப் படுத்திருக்கிறவரை எடுத்துப் போடுவீங்களா? "பொது ஆஸ்பத்திரிதானே" என்று சொல்லுவீங்களா?

ஒரு உண்மையையும் சொல்லிடுறோம், இல்லேன்னா கமெண்டில் யாராவது சொல்லுவீங்க. எல்லா ஆட்டமும் அருள் கிடையாது. கேமராவைக் கண்டதும் ஆட்டம் கூடுற ஆளுங்க இருக்காங்க. கயிறு பிடிக்கிற எங்களுக்கு இது நல்லாத் தெரியும். போன் இல்லாத பக்கம் சாதாரணமா நடப்பார். போன் இருக்கிற பக்கம் வந்ததும் சுருட்டு வாயில் ஏறும், சாட்டை சுழலும், கண்ணு உருளும். நேரே லென்ஸைப் பார்த்து உறுமுவார். வருஷா வருஷம் வேஷம் பெருசாகுது. சில நேரம் சாமி கேமரா ஆங்கிள் தெரிஞ்சி இறங்குதோ என்று நாங்களே எங்களுக்குள்ளே பேசிச் சிரிச்சிருக்கோம். ஆனா இந்த நோயைக் கொண்டுவந்தது யார்? பார்க்கிறவன் இருக்கிற வரைக்கும் ஆடுறவன் இருப்பான். நிஜமா விரதம் இருந்து தலை குனிஞ்சி நடக்கிறவரை யாரும் எடுக்கிறதில்லை. ஏன்னா அதில் "ஒன்னும் இல்லை". நாலு வருஷம் இப்படியே போனா, சின்னப் பிள்ளைகள் காவடின்னா சுருட்டும் சாட்டையும்தான் என்று நினைச்சிக்கும். இப்பவே நினைக்குது.

அந்தப் பக்கங்களில் எப்படி ஓட்டுறாங்க என்றும் கொஞ்சம் பார்ப்போம். நீங்க கோபப்பட்டு "நல்லா இருப்பியாடா" என்று கமெண்ட் போட்டாலும் அதுக்குக் கணக்கு ஒன்னுதான். பாராட்டோ, திட்டோ, ஒரு ஆள் நின்று பார்த்தான், எழுதினான், அடுத்தவனுக்கு அனுப்பினான் என்றுதான் அந்த மெஷின் பார்க்கும். "இதைப் பாருங்க, எவ்வளவு கேவலம்" என்று எழுதி நீங்க குழுக்குழுவா அனுப்பினீங்களே, அதுவும் அவனுக்குச் செய்த உதவிதான். லைவ் போடுறவன் கதை இன்னும் மோசம். காவடிக்காரர் முன்னாலே பின்னாலே நடந்துக்கிட்டே, "ரோஸ் அனுப்புங்க மக்களே, ரோஸ் அனுப்புங்க" என்று கூவுறான். அந்த ரோஸ் காசு. இங்கே ஒருத்தர் அலகு குத்தி ரத்தம் வராமல் காக்கச் சொல்லி முருகனைக் கூப்பிடுறார், பக்கத்திலேயே ஒருத்தன் அதே மூச்சில் ரோஸ் கேட்கிறான். உண்டியல் வச்ச கோயிலில் கூட சாமி ஆடுறவங்க தலை மேலே உண்டியல் வைக்கிறதில்லை.

"பொது இடம், சட்டப்படி எடுக்கலாம்" என்று சொல்றவங்களுக்கு ஒன்று. நாங்கள் வக்கீல் இல்லை, எஸ்.பி.எம். படிச்சவங்க. ஆனா கேட்டு, படிச்சித் தெரிஞ்சிக்கிட்டோம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபார விவகாரங்களுக்குத்தான். தனி ஆள் எடுத்துப் போடுறதுக்கு அது பெருசா உதவாது. 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இருக்கு. அதில் புண்படுத்துகிற நோக்கத்தோடு போட்டான் என்று காட்டணும். குளிக்கிற பெண்களை எடுத்தால் கதை வேற. தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு ஒருத்தருடைய மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் பங்கம் செய்வதைப் பற்றியது, 5 வருஷம் வரைக்கும் சிறை. தைப்பூசத்தில் ஆத்தோரத்திலும் குழாயடியிலும் ஈரச் சேலையோடு நிற்கிற பெண்கள் பக்கம் போனைத் திருப்புற தம்பிகள் இந்த நம்பரை மனப்பாடம் செய்து வச்சிக்கணும். எங்கள் பந்தலில் மாட்டினால் நாங்கள் அடிக்க மாட்டோம், போலீஸ் பந்தல் பக்கத்திலேதான் இருக்கும்.

சட்டம் அனுமதிக்குதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செருப்புப் போட்டுக்கிட்டு சன்னிதிக்குள்ளே போகக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கு? கழற்றித்தானே போறோம்?

இன்னும் ஒன்று. நாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 மார்ச்சில் மலாய் வானொலி ஒன்றின் அறிவிப்பாளர்கள் மூணு பேர் "வேல் வேல்" என்று சொல்லி ஆடிக் கிண்டல் செய்த காணொளி வந்தது. நாடு முழுக்க நம்ம ஆளுங்க கொதிச்சிப் போனோம். போலீஸ் புகார் மேலே புகார். எம்.சி.எம்.சி. விசாரணை. அவங்க மன்னிப்பும் கேட்டாங்க. கோபம் நியாயமான கோபம், நாங்களும் அந்தக் கோபத்தில் இருந்தோம். ஆனா அந்தச் சத்தம் அடங்கின பிறகு எங்களில் ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார். அந்த மூணு பேர் ஜென்மத்தில் காவடி எடுக்கிற இடத்துக்கு வந்திருப்பாங்களா? வந்திருக்க மாட்டாங்க. அப்போ காவடின்னா இப்படிக் குதிக்கிறது, இது சிரிக்கிற விஷயம் என்று எங்கே பார்த்துத் தெரிஞ்சிக்கிட்டாங்க?

நம்ம பக்கங்களில்தான். நம்ம பிள்ளைகள் குத்துப்பாட்டு ஒட்டிப் போட்ட காணொளிகளில்தான். சிரிக்கிற பொம்மையை முதலில் போட்டது அவங்க இல்லை. வேற இனத்தான் கிண்டல் செய்தால் இழிவு, நம்ம இனத்தான் செய்தால் கன்டென்டா? அடுத்தவன் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறான் என்று சண்டைக்குப் போறோம், வீட்டுக்குள்ளே இருந்து திரையை விலக்கிவிட்டது யார் என்று கேட்க மாட்டோம்.

இதெல்லாம் சின்ன விஷயம், ரெண்டு நாளில் மறந்திடுவாங்க என்று சொல்றவங்களுக்கு, 2024 ஜூலையை ஞாபகப்படுத்துகிறோம். டிக்டாக்கில் தொடர்ந்து வசை வாங்கி, நம்ம இனத்துப் பெண் ஒருத்தி உயிரை விட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு அன்றைக்கு இருந்த சின்னக் குற்றச் சட்டத்தில் விழுந்த அபராதம் 100 வெள்ளி. நூறு வெள்ளி. மோட்டார் சம்மனே அதைவிட அதிகம். நாடே கொதிச்ச பிறகு தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, 2025 ஜூலையிலிருந்து பகடிவதை அதிலேயே தனிக் குற்றமாச்சி. சட்டம் வந்தது நல்லது. ஆனா அது ஒரு உயிர் போன பிறகு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது ஒரு ஆள் என்று நினைக்காமல் எழுதுற பழக்கம் அதே பழக்கம்தான். கோயில் வீடியோ கீழே போய் கமெண்ட் படிச்சிப் பாருங்க. ஆடுற பெண்ணின் உடம்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, சாதியைப் பற்றி. எழுதுறது எல்லாம் தமிழில்தான்.

நாங்கள் இன்டர்நெட்டுக்கு எதிரி என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். 2021 தைப்பூசம் எப்படி இருந்தது? நடமாட்டக் கட்டுப்பாடு. கூட்டமில்லாமல், மேளதாளமில்லாமல் வெள்ளி ரதம் மட்டும் பத்துமலைக்குப் போனது. காவடி கிடையாது, பால் குடம் கிடையாது. எத்தனையோ வீடுகளில் டிவிக்கும் போனுக்கும் முன்னால் கற்பூரம் காட்டினோம். அன்றைக்கு அந்த நேரலை இல்லேன்னா அந்த வருஷம் பூசமே இல்லை. இப்பவும் வாரம் மூணு நாள் டயாலிசிஸ் போகிற ஒரு ஐயா, எங்கள் கோயில் வெள்ளிக்கிழமை பூஜையைப் பேத்தி போனில்தான் பார்க்கிறார். தீபாராதனை முடிஞ்சதும் "பார்த்தேன்பா" என்று குரல் பதிவு அனுப்புவார். ஆஸ்திரேலியாவில் இருக்கிற பிள்ளை அம்மா பேரில் அர்ச்சனைக்குக் காசு அனுப்புது, அடுத்த நிமிஷம் ரசீது போகுது. நல்லதுதான், வேண்டியதுதான்.

ஆனா அந்த ஐயா பார்க்கிறது அம்மனை. கேமரா கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே ஒரே இடத்தில் நிற்குது, அலங்காரத்தையும் தீபத்தையும் காட்டுது. யாருடைய முகத்துக்குள்ளேயும் போய் நுழையறதில்லை. வர முடியாதவங்களுக்குச் சாமியைக் காட்டுறதும், வந்தவங்களை ஊருக்குக் காட்டுறதும் ஒன்றா?

"வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே காவடியைப் படம் எடுக்கிறாங்களே" என்று நிர்வாகத்தில் ஒருத்தர் கேட்டார். எடுத்தாங்க. 1892லிருந்து பத்துமலையில் தைப்பூசம் நடக்குது, படம் எடுத்தவங்க நிறைய. ஒரு ரோலில் 36 படம். கழுவக் கொடுத்து, காசு கட்டி, ஒரு ஆல்பத்தில் ஒட்டி வச்சான். அந்தப் படம் உங்க முதலாளி போனுக்கு மறுநாள் காலையில் வந்து நிற்கல.

இன்னொருத்தர், "போனைத் தடுத்தா இளைஞர்கள் வர மாட்டாங்க, நன்கொடை குறையும்" என்றார். இதுதான் உண்மையான பயம் என்று நினைக்கிறோம். லைக் பார்த்து நன்கொடை வருதாம். எங்களுக்குத் தெரிஞ்சவரை, எங்கள் கோயில் கூரைக்கு ஓடு போட்டது அந்த வெங்காயம் உரிச்ச அக்கா மாதிரி ஆளுங்க மாசாமாசம் கொடுத்த 5 வெள்ளி, 10 வெள்ளி. வீடியோ பார்த்த பத்தாயிரம் பேரில் ஒருத்தன் வந்து ஒரு மூட்டை சிமெண்ட் இறக்கினானா? வீடியோ எடுக்கத்தான் வருவேன், இல்லேன்னா வர மாட்டேன் என்கிற பிள்ளை வராமல் இருந்தால் நமக்கு ஒரு கயிறு மிச்சம்.

எங்களில் பலர் மின்னணுப் பொருள் செய்கிற ஃபேக்டரிகளில் வேலை பார்க்கிறவங்க. அங்கே கேட்டிலேயே பாதுகாவலர் போன் கேமரா மேலே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெளியே வரும்போது கிழிஞ்சிருந்தா விசாரணை. மேனேஜர் வந்தாலும் ஒட்டணும், வெளிநாட்டுக் கஸ்டமர் வந்தாலும் ஒட்டணும். யாரும் மூஞ்சி தூக்கினது இல்லை. "என் உரிமை" என்று எவனும் கத்தினது இல்லை. ஒரு சர்க்கியூட் போர்டுக்கு அந்த மரியாதை கொடுக்கிறோம். சம்பளம் கொடுக்கிறவன் ஒட்டச் சொன்னால் பேசாமல் நீட்டுகிற அதே போனை, அம்மன் வாசலில் நீட்டச் சொன்னால் ஏன் கை நடுங்குது?

அதனால் நாங்கள் முடிவு செய்தது இது. வரப்போகிற ஆடித் திருவிழாவில் அலகு குத்துகிற கூடாரத்துக்குள்ளேயும், பெண்கள் குளிக்கிற, உடை மாற்றுகிற பகுதியிலும் போகிற எல்லாருடைய போனுக்கும் ஸ்டிக்கர். குடும்பத்தாருக்கும்தான், நிர்வாகத்தாருக்கும்தான், எங்களுக்கும்தான். காவடி, பால் குடம் எடுக்கிறவங்க பேர் பதியும்போதே ஒரு கேள்வி கேட்போம்: உங்களைப் படம் எடுக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் கையில் மஞ்சள் துணி கட்டிவிடுவோம், எங்கள் ஆள் ஒருத்தர் கூடவே நடப்பார். எடுக்கலாம் என்கிறவங்களுக்குக் கோயில் படக்காரர் எடுத்து, அவங்களுக்கு மட்டும் அனுப்புவார். போடுறதும் போடாததும் அவங்க இஷ்டம். ஊர்வலம் ரோட்டில் போகும்போது எல்லாரையும் தடுக்க எங்களால் முடியாது, அதுவும் தெரியும். மஞ்சள் துணியைப் பார்த்தும் எடுத்தவன் யார் என்று மட்டும் எங்களுக்குத் தெரிஞ்சிடும். எங்கள் தாமான் சின்னது.

ஸ்டிக்கர் 3 ரோல் வாங்கியாச்சி, எங்கள் சொந்தக் காசில். கோயில் கணக்கில் எழுதலை, பொருளாளர் பயப்பட வேண்டாம்.

அந்த அக்கா வீட்டுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் நாலு பேர் போய் இந்த ஏற்பாட்டைச் சொல்லிட்டு வந்தாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்களாம். வரேன் என்றும் சொல்லலை, வர மாட்டேன் என்றும் சொல்லலை. சொம்பைத் துலக்கி வச்சிருக்கோம்.

வர ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கோயில் மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசுறோம். எதிர்க்கிறவங்க கண்டிப்பா வாங்க, கமெண்டில் எழுதுறதை முகத்துக்கு நேரா சொல்லுங்க, கேட்டுக்கிறோம். இட்லி, சாம்பார் உண்டு. போனையும் எடுத்துக்கிட்டு வாங்க. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவோம்.